பாக்ஸ் மாற்றப்பட்ட பழைய வண்டி: எந்த கியர் ஆயில் ஊற்றுவது?

#1 நீலக்கூபே

அனைவருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

என்னிடம் 1987 மாடல் கூபே ஒன்று இருக்கிறது. பின்சக்கர இழுவை, 5 கியர் மேனுவல். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, தொல்லை எல்லாம் கியரில்தான். காலையில் வண்டியை எடுத்ததும் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு லீவர் போகவே போகாது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நொடி கழித்து டொக்கென்று விழும். அவசரப்பட்டால் கர்ரென்று பல் உரசும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடானதும் பாதி சரியாகிவிடும். மூன்றாவது கியர் மட்டும், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது போட்டால், சூட்டிலும் லேசாக நெறிக்கிறது.

ஆறு மாதம் முன்பு ஒரு பட்டறையில் காட்டினேன். "பழைய பாக்ஸ், கட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும்" என்று சொல்லி 85டபிள்யூ-140 கட்டி எண், ஜிஎல்-5 தரம் போட்ட கியர் ஆயிலை ஊற்றினார்கள். சத்தம் அடங்கியது உண்மைதான். ஆனால் காலை நேரத் தொல்லை அதற்கப்புறம் இரண்டு மடங்காகிவிட்டது.

கையேட்டில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 என்று போட்டிருக்கிறது. ஒரு நண்பர், ஜிஎல்-5 தான் மேல், நாலை விட ஐந்து பெரிது, தயங்காமல் ஊற்று என்கிறார். இன்னொருவர் ஜிஎல்-5 பித்தளையைத் தின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார். இந்த வண்டியை இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஐந்தாம்கியர்

நல்ல சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஜிஎல்-5 ஊற்றுங்கள். பட்டறைக்காரர் செய்த தப்பு 140 போட்டது மட்டும்தான், ஜிஎல்-5 போட்டது தப்பில்லை. பித்தளையைத் தின்னும் என்பதெல்லாம் அந்தக் காலத்து ஆயிலை வைத்துச் சொன்ன கதை. என் சுபாருவில் பதினான்கு வருடமாக ஜிஎல்-5 தான் ஓடுகிறது. இன்றுவரை கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது.

#3 பழையஇரும்பு

தம்பி, ஆயில் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கியர்பாக்ஸ் வேலையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். கியர் விழவில்லை என்று வந்த வண்டிகளில் எத்தனையோ கிளட்ச் கோளாறாகத்தான் முடிந்திருக்கின்றன.

இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்றபடியே, கிளட்சை முழுக்க மிதியுங்கள். நான்கைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பழைய பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழுவதற்கு முன் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் வளையம்) கிடையாது. கிளட்ச் சுத்தமாக விட்டிருந்தால் உள்ளே சுற்றுகிற ஷாஃப்ட் அதற்குள் நின்றுபோயிருக்கும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். அப்போதும் கர்ரென்றால் கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த ஆயில் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. பாவம் சிங்க்ரோ வளையம்தான் இன்ஜினையே பிடித்து நிறுத்தப் பார்த்துத் தேயும்.

இதோடு லீவரின் அடியில் இருக்கும் புஷ்ஷையும் ஆட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் ஆயிலுக்கு வருவோம்.

#4 தாமிரத்துண்டு

நான் மசகு எண்ணெய் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இந்த நாலு, ஐந்து குழப்பத்தை வாரம் ஒருமுறையாவது கேட்பேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று அல்ல. இரண்டும் வேறு வேறு வேலைக்கு எழுதிய விதிகள். பின் ஆக்சிலில் இருக்கிற ஹைபாய்டு கியரில் பற்கள் உருள்வதோடு, நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. அந்தச் சறுக்கலில் அழுத்தம் ஏறும்போது வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்களை நிறையச் சேர்க்கிறார்கள். அவை சூட்டில் இரும்போடு வினைபுரிந்து ஒரு தியாகப் படலத்தை உண்டாக்கும். தேய்வது அந்தப் படலம், பல் பிழைத்துக்கொள்ளும். ஜிஎல்-5 இந்த வேலைக்கு எழுதப்பட்டது. ஜிஎல்-4 ஆயிலில் பொதுவாக அந்தச் சேர்மங்கள் ஏறத்தாழப் பாதி அளவுதான் இருக்கும்.

பழைய கியர்பாக்ஸில் சிங்க்ரோ வளையம் பித்தளையிலோ வெண்கலத்திலோ இருக்கும். கந்தகத்துக்குத் தாமிரம் என்றால் தனிப் பிரியம். ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் சோதனையைச் சொல்கிறேன். பளபளவென்று தேய்த்த ஒரு தாமிரத் துண்டை ஆயிலில் முழுக்கிப் போட்டு, 121 டிகிரியில் மூன்று மணி நேரம் வைப்போம். ஏஎஸ்டிஎம் டி130 என்பது அதன் பெயர். நல்ல ஆயிலிலிருந்து எடுத்தால் துண்டு புதுக் காசு நிறத்திலேயே இருக்கும், மிஞ்சினால் லேசான ஆரஞ்சு ஏறியிருக்கும். அதை 1 என்போம். நிறம் ஏற ஏற 2, 3 என்று போகும். 4 என்றால் துண்டு கன்னங்கரேலென்று வரும், விரலால் தேய்த்தால் செதில் கையில் ஒட்டும். ஜிஎல்-5 விதி 3 வரை அனுமதிக்கிறது. ஆக்சிலுக்கு அது போதும். பித்தளை வளையம் உள்ள பெட்டிக்கு நான் 1 வாங்கிய ஆயிலைத்தான் ஊற்றுவேன்.

#5 ஐந்தாம்கியர்

மேடம், நீங்கள் சொல்வது பழைய ஜிஎல்-5க்குப் பொருந்தும். இப்போது வருகிற ஜிஎல்-5 ஆயில்களில் தாமிரத்தைக் காக்கிற சேர்மமும் கலக்கிறார்கள் அல்லவா? என் வண்டிக் கையேட்டிலேயே ஜிஎல்-5 என்று அச்சடித்திருக்கிறது. தயாரிப்பாளருக்குத் தெரியாததா?

#6 வண்டு68

ஐந்தாம்கியர் அண்ணா, உங்கள் சுபாரு ஒரு தனிக் கேஸ். அதில் முன் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்த் தொகுதி) கியர்பாக்ஸோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் ஹைபாய்டு. இரண்டுக்கும் ஒரே ஆயில். அதனால்தான் கம்பெனி ஜிஎல்-5 கேட்கிறது, அதற்குத் தகுந்தாற்போல சிங்க்ரோவையும் வடிவமைத்திருக்கிறது. உங்களுக்குச் சரியாக ஓடுவதில் ஆச்சரியம் இல்லை.

என் பீட்டிலிலும் இரண்டும் ஒரே அறைதான். ஆனால் ஃபோக்ஸ்வேகன் அன்று கேட்டது 90 நம்பர் ஹைபாய்டு ஆயில், ஜிஎல்-4 தரம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அமைப்பு, கையேடு கேட்பது வேறு ஆயில். நான் பெயரைப் பார்த்து ஏமாந்து ஒருமுறை ஜிஎல்-5 ஊற்றினேன். வளையம் தேய்ந்ததா என்று சொல்ல மாட்டேன், பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டாவது கியருக்கு இறக்கும்போது பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உரசியது. திரும்ப ஜிஎல்-4 ஊற்றியதும் அந்த உரசல் நின்றது.

#7 தாமிரத்துண்டு

வண்டு சொன்ன "பிடிப்பே இல்லாமல் வழுக்கியது" என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். அரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அன்றாடம் கையில் தெரிகிற கோளாறு இதுதான்.

சிங்க்ரோ வளையம் உண்மையில் ஒரு பிரேக். கியர் போடும்போது அந்த வளையம் கியரின் கூம்புமேல் போய் அழுந்தி, இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வரும்வரை உரசுகிறது. வேகம் ஒத்துவந்தபிறகுதான் லீவருக்கு வழிவிடும். வளையத்தின் உள்பக்கம் மயிரிழை போன்ற வரிகள் வெட்டியிருப்பார்கள். கூம்பின்மேல் இருக்கும் எண்ணெயைக் கிழித்து ஒதுக்கத்தான் அந்த வரிகள். பிரேக் டிரம்மில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும்? ஆயில் வழவழப்பு கூடியதாக இருந்தால் வளையத்தால் கவ்வ முடியாது, பல் உரசும். ஆயில் கட்டியாக இருந்தால் கிழித்து ஒதுக்கவே நேரம் எடுக்கும், லீவர் சுவரில் மோதியது போல நிற்கும்.

ஐந்தாம்கியர், உங்கள் கேள்வி நியாயமானதுதான். நவீன ஜிஎல்-5 பலவற்றில் தாமிரக் காப்பு இருக்கிறது, அரிப்பு பயம் குறைந்திருக்கிறது. ஆனால் இந்த உராய்வு விஷயம் அதனால் தீராது. சில டப்பாக்களில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதில் சிங்க்ரோ உள்ள கியர்பாக்ஸுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் ஆக்சிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டெஃப்லான் கலந்தது, மாலிப்டினம் கலந்தது என்று சிறு பாட்டில்கள் விற்கிறார்கள். வழவழப்பைக் கூட்டுவதுதான் அவற்றின் வேலை. சிங்க்ரோவுக்கு அது எதிரி.

#8 நீலக்கூபே

ஐயா, சோதனை செய்தேன். ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுகிறது. கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. லீவர் புஷ் கொஞ்சம் ஆடுகிறது, மோசமில்லை.

ஆனால் வண்டிக்கு அடியில் படுத்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. கியர்பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்தை யாரோ அறுத்து, நகர்த்தி, திரும்ப வெல்டிங் செய்திருக்கிறார்கள். வெல்டிங் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பதால் இத்தனை நாள் தெரியவில்லை. உள்ளே கார்பெட்டைத் தூக்கினால் லீவர் வரும் ஓட்டையும் பெரிதாக்கியது. கையேட்டுப் படத்தில் பெட்டியின் மூடி பக்கவாட்டில் இருக்கிறது. என் வண்டியில் மூடி மேலே இருக்கிறது.

எனக்கு விற்றவரிடம் ஃபோனில் கேட்டேன். அவருக்கும் முன்னால் வைத்திருந்தவர் பாக்ஸை மாற்றியிருக்கலாம் என்றார். எதிலிருந்து எடுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

#9 பழையஇரும்பு

அப்படியானால் கையேட்டின் அந்தப் பக்கத்தை மூடி வையுங்கள் தம்பி. நாம் இத்தனை நேரம் பேசியது உங்கள் வண்டியில் இல்லாத பாக்ஸைப் பற்றி.

ஆயில் வண்டிக்கு இல்லை, பாக்ஸுக்கு. உள்ளே என்ன வளையம், என்ன பேரிங், டிஃபரென்ஷியல் கூட இருக்கிறதா தனியா என்பதுதான் ஆயிலைத் தீர்மானிக்கும். முதலில் பெட்டி எது என்று கண்டுபிடிப்போம். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கேஸ் முழுவதையும் கழுவுங்கள். வார்ப்பில் எழும்பி நிற்கும் எண் எதுவாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்க ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்களில் ஏதாவது ஒன்றில் விரல் நீளத்தில் சின்னத் தகடு தொங்குகிறதா என்று பாருங்கள். கேஸ் அலுமினியமா வார்ப்பிரும்பா என்று காந்தம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

#10 மினிக்காரன்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பெட்டிக்குப் பெட்டி எவ்வளவு மாறும் என்பதற்கு என் வண்டியைச் சொல்லலாம். 1959இல் வந்த மினியில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில், இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறது. ஒரே 20டபிள்யூ-50 பிஸ்டனுக்கும் பல்லுக்கும் சேர்த்து. கியர் பற்கள் ஆயிலை அரைத்துவிடுவதால் அடிக்கடி மாற்றியாக வேண்டும், அதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. எம்ஜிபியில் பாக்ஸ் தனியாக இருக்கிறது, ஆனாலும் கேட்பது 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில்தான். பழைய ஹோண்டாக்களில் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் சொன்னார்கள், பிற்பாடுதான் எம்டிஎஃப் என்று மேனுவல் கியர்பாக்ஸுக்கான தனி ஆயில் வந்தது.

இதையெல்லாம் கேள்விப்படாமல் "கியர்பாக்ஸ் என்றால் 90 ஆயில்" என்று ஊற்றிக் கெட்டுப்போன பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

#11 நீலக்கூபே

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, ஆனால் கிடைத்துவிட்டது. கேஸ் அலுமினியம், காந்தம் ஒட்டவில்லை. பின் ஹவுசிங் போல்ட் ஒன்றில், விரல் கனத்துக்கு இறுகிய கிரீஸுக்குள் தகடு புதைந்திருந்தது. துடைத்துத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது எழுத்து எழும்பியது. 1352 என்று தொடங்கி, ஒரு கோடு, அதன்பிறகு மூன்று இலக்கம். அந்த மூன்று இலக்கத்தைத் தனிச்செய்தியில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன் ஐயா, படத்தோடு.

#12 பழையஇரும்பு

1352 என்ற எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது போர்க்-வார்னர் டி-5. மஸ்டாங், கமாரோ, சியரா காஸ்வொர்த், 300இசட்எக்ஸ் டர்போ என்று பல வண்டிகளில் வந்த பாக்ஸ். கையடக்கமானது, எடை குறைவு. அதனாலேயே உலகம் முழுக்க வேறு வண்டிகளுக்கு எடுத்து மாட்டுகிறார்கள்.

இதில் இரண்டு ரகம் உண்டு. முதலில் வந்ததை நான்-வேர்ல்ட்-கிளாஸ் என்பார்கள், அதில் வெண்கல வளையம். மஸ்டாங்கில் 1985 முதல் வந்தது வேர்ல்ட் கிளாஸ். அதில் கியர்கள் நீடில் பேரிங்கில் சுற்றும், வளையங்களில் நார் மாதிரியான லைனிங் ஒட்டியிருக்கும். உங்கள் கடைசி மூன்று இலக்கத்தை அட்டவணையில் வைத்துப் பார்த்தேன், வேர்ல்ட் கிளாஸ்தான். நாளைக்கு கிளட்ச் வேலைக்குப் பாக்ஸை இறக்கும்போது கவுன்டர் ஷாஃப்ட்டின் முன்முனையைப் பாருங்கள். பேரிங்கின் வெளி வளையம் தெரிந்தால் வேர்ல்ட் கிளாஸ். வெறும் தட்டையான மூடி தெரிந்தால் பழைய ரகம். அத்தோடு சந்தேகமே தீர்ந்துவிடும்.

இப்போது கேள்விக்குப் பதில். இந்தப் பெட்டிக்கு ஜிஎல்-4ம் வேண்டாம், ஜிஎல்-5ம் வேண்டாம். டெக்ஸ்ரான் 3 தரத்து ஏடிஎஃப் ஊற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றுகிற அந்தச் சிவப்பு ஆயில்தான்.

#13 ஐந்தாம்கியர்

ஐயா, உங்கள் அனுபவத்தின்மேல் மரியாதை வைத்தே கேட்கிறேன். ஏடிஎஃப் தண்ணீர் மாதிரி இருக்குமே. 140 ஆயில் ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டியில் அதை ஊற்றினால் பல் தாங்குமா? பேரிங் போய்விடாதா?

#14 தாமிரத்துண்டு

எண்ணைப் பார்த்தாலே பயம் தெளியும். கட்டியை நாங்கள் சென்டிஸ்டோக்கில் அளப்போம். 100 டிகிரியில் 90 நம்பர் கியர் ஆயில் 13.5க்கும் 18.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். 140 நம்பர் 24க்கு மேல். டெக்ஸ்ரான் 3 ஏடிஎஃப் ஏழு, ஏழரை. 140க்கும் ஏடிஎஃப்புக்கும் சூட்டில் மூன்று மடங்கு வித்தியாசம். ஆனால் 40 டிகிரியில் அளந்தால் ஏடிஎஃப் 35 பக்கம் நிற்கும், 85டபிள்யூ-140 முன்னூற்றுச் சொச்சத்தில் இருக்கும். அதாவது பத்து மடங்கு. குளிர்ந்த காலையில் இன்னும் மோசம். நீலக்கூபே தினமும் காலையில் கையால் தள்ளிக்கொண்டிருந்தது அந்தப் பத்து மடங்கைத்தான்.

பல் தாங்குமா என்பதற்கு வருகிறேன். இந்தப் பெட்டியில் ஹைபாய்டு கிடையாது, டிஃபரென்ஷியல் பின்னால் தனியாக இருக்கிறது. சாய்வெட்டுப் பற்கள் பெரும்பாலும் உருள்கின்றன, ஹைபாய்டு அளவுக்குச் சறுக்குவதில்லை. வடிவமைக்கும்போதே இந்த இளகலான ஆயிலைக் கணக்கில் வைத்துத்தான் பேரிங்கையும் எண்ணெய் போகும் வழியையும் செய்திருக்கிறார்கள். கட்டி ஆயில் அந்த நீடில் பேரிங்குகளுக்குள் குளிரில் போய்ச் சேருவதே கஷ்டம். நார் லைனிங்குக்கோ அந்த கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் ஆகவே ஆகாது. ஏடிஎஃப் என்பது கிளட்ச் தகடுகள் கவ்வ வேண்டிய இடத்துக்காகச் செய்த ஆயில். இந்த லைனிங்கும் அந்தத் தகடும் ஒரே குடும்பம்.

வாங்கும்போது ஒரு கவனம். ஜெனரல் மோட்டார்ஸ் டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் கொடுப்பதை 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பவை "டெக்ஸ்ரான் 3 கேட்கும் இடத்துக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது. பெயர் உள்ள கம்பெனியுடையதாக வாங்குங்கள். டெக்ஸ்ரான் 6 அதைவிட இளகல், இந்தப் பெட்டிக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

#15 பச்சைசெடான்

இடையில் ஒரு சின்னக் கேள்வி. என் வண்டி 1974. கையேட்டில் ஜிஎல் என்ற பேச்சே இல்லை, எம்ஐஎல்-எல்-2105 என்று மட்டும் இருக்கிறது. இதற்கு என்ன வாங்குவது?

#16 தாமிரத்துண்டு

அது அமெரிக்க ராணுவ விதி எண். 2105க்குப் பின்னால் எழுத்து எதுவும் இல்லை என்றால் ஜிஎல்-4 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பி, சி, டி என்று எழுத்து இருந்தால் ஜிஎல்-5. கியர்பாக்ஸுக்கு ஒன்று, ஆக்சிலுக்கு வேறு என்று அதே பக்கத்தில் இரண்டு வரி இருக்கும், மாற்றிப் படித்துவிடாதீர்கள். அப்புறம், கியர் ஆயிலின் 90ஐயும் இன்ஜின் ஆயிலின் 40, 50ஐயும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். இரண்டும் வேறு அளவுகோல். 90 கியர் ஆயிலும் 40, 50 இன்ஜின் ஆயிலும் கட்டியில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

#17 பழையஇரும்பு

நீலக்கூபே தம்பிக்கு, மாற்றும் முறை.

கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வாருங்கள், அந்த 140 குளிரில் இறங்காது. வண்டியை நான்கு பக்கமும் ஸ்டாண்டில் சமமாக நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். இப்போது மிக முக்கியமான விஷயம்: முதலில் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். அது கழன்றதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் அடிப் பிளக்கில் கை வைக்க வேண்டும். ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, ஃபில்லர் பிளக் வராமல், காலிப் பெட்டியோடு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்கள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வடிந்தபிறகு முதல் தடவை விலை குறைந்த ஏடிஎஃப் ஊற்றி, கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்டி, அதையும் வடித்துவிடுங்கள். பழைய ஆயில் மூலை முடுக்கில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது தடவை ஊற்றுவதுதான் நிஜம். இந்தப் பெட்டிக்குச் சுமார் 2.65 லிட்டர். ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பில் ததும்பி வழியும்வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடுங்கள். பிளக்கின் மரை கூம்பிச் செல்வது, கேஸோ அலுமினியம். பலம் காட்டி இறுக்கினால் கேஸ் பிளந்துவிடும்.

வடித்த ஆயிலைக் கீழே கொட்டிவிடாதீர்கள். ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

#18 நீலக்கூபே

செய்தாயிற்று. ஃபில்லர் பிளக் அசையவே இல்லை. இரவு முழுக்கத் துரு எண்ணெய் அடித்து வைத்து, காலையில் சுத்தியலால் பிளக்கைச் சுற்றி லேசாகத் தட்டியபிறகுதான் வந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் கீழ்ப் பிளக்கைத்தான் முதலில் திறந்திருப்பேன் ஐயா.

சூடாக்கியும் ஆயில் பாகு மாதிரி நூலாகத்தான் இறங்கியது. கந்தக நாற்றம், கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. வெள்ளைத் துணியில் விட்டேன். ஆயில் பரவிப் போனபின் நடுவில் சாம்பல் நிறப் பூச்சு மாதிரி கொஞ்சம் நின்றது. அதோடு பென்சில் சீவினால் விழும் தூள் மாதிரி கறுப்பான சிறு துகள்கள். நகத்தால் நசுக்கினால் உலோகம் மாதிரி இல்லை, நைந்துபோகிறது. சில்லு, முறிந்த பல் எதுவும் இல்லை. தங்க நிற மினுமினுப்பு வெயிலில் பார்த்தால் மிக மிக லேசாகத் தெரிந்தது.

#19 பழையஇரும்பு

சாம்பல் பூச்சு பயப்பட ஒன்றும் இல்லை, வருடக்கணக்கில் இரும்பு உரசிச் சேர்ந்த மாவு. எந்தப் பழைய பெட்டியிலும் இருக்கும். சில்லு இல்லை என்பது நல்ல செய்தி. மனசை உறுத்துவது அந்தக் கறுப்புத் துகள்தான். நசுக்கினால் நைகிறது என்கிறீர்களே, அது சிங்க்ரோ லைனிங். எந்தக் கியருடையது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, ஆனால் மூன்றாவது நெறிக்கிறது என்று நீங்களே முதல் நாள் எழுதியிருக்கிறீர்கள். புது ஆயிலில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். பட்டறைக்காரர்மேல் கோபப்படாதீர்கள், கையேட்டைப் பார்த்திருந்தாலும் அவர் தப்பான ஆயிலைத்தான் ஊற்றியிருப்பார்.

#20 நீலக்கூபே

மூன்று வாரம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

மாற்றிய மறுநாள் காலை, வழக்கம் போல இரண்டாவதுக்குத் தள்ளத் தயாராகத் தோளை எல்லாம் இறுக்கிக்கொண்டு லீவரை இழுத்தேன். தள்ள வேண்டிய அவசியமே இல்லை, தானாகப் போய் உட்கார்ந்தது. அந்தத் தெருமுனை வரைக்கும் சும்மா ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே போனேன். இதுவரை ஒருநாள்கூட உரசவில்லை.

சத்தம் திரும்ப வந்திருக்கிறது. நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் உள்ளே லேசாகச் சலசலக்கிறது, மிதித்தால் நிற்கிறது. வண்டி ஓடும்போது ஊளைச் சத்தம் இல்லை. பின் சீல் ஓரத்தில் ஒரு சிவப்புத் துளி நிற்கிறது, தரையில் சொட்டவில்லை.

மூன்றாவது சூட்டிலும் முன்பு போலவே நெறிக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, நிதானமாகப் போட்டால் ஒன்றும் இல்லை.

#21 தாமிரத்துண்டு

நியூட்ரல் சலசலப்பு சுமை இல்லாத பற்கள் ஒன்றையொன்று தட்டுவது. 140 ஆயில் அதை மூடி வைத்திருந்தது. ஓடும்போது ஊளை இல்லாதவரை விட்டுவிடுங்கள். சீல் ஓரத்தை வாரம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள், துளி பெரிதானால் சீல் மாற்றிவிடலாம்.

#22 ஐந்தாம்கியர்

மனதார மகிழ்ச்சி. எனக்கும் இதில் பாடம் இருக்கிறது. என் தம்பியின் பழைய ஹோண்டாவுக்கு ஜிஎல்-5 வாங்கி வைத்திருந்தேன். ஊற்றவில்லை, டப்பா சீல் உடைக்காமல் இருக்கிறது, சுபாருவுக்கு எடுத்துக்கொள்கிறேன். அவன் கையேட்டைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

#23 பழையஇரும்பு

தம்பி, மூன்றாவது வளையம் போய்விட்டது. ஆயிலால் அது திரும்பாது. அவசரம் இல்லை. நிதானமாகப் போட்டு ஓட்டுங்கள், பாக்ஸ் தாங்கும். கிளட்ச் தகடு மாற்ற வேண்டிய நாள் வரும்போது பெட்டியை எப்படியும் இறக்கியாக வேண்டும், அப்போது மூன்று, நான்கு வளையங்களையும் பின் சீலையும் சேர்த்தே மாற்றிவிடலாம். வேர்ல்ட் கிளாஸ் வளையம் என்று சொல்லி வாங்குங்கள், பழைய ரகத்துடையதைக் கொடுத்துவிடப் போகிறார்கள். அந்தத் தகட்டைக் கழுவி, அதே போல்ட்டில் திரும்ப மாட்டிவிடுங்கள். ஃபில்லர் பிளக் பக்கத்தில் பெயின்டில் "ஏடிஎஃப் மட்டும்" என்று எழுதி வையுங்கள், அடுத்து அடியில் படுக்கப்போவது யாரோ தெரியாது.

#24 நீலக்கூபே

எழுதிவிட்டேன் ஐயா, வெள்ளைப் பெயின்டில். கையேட்டில் அந்தப் பக்கத்திலும் பென்சிலால் தகட்டு எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.